முழங்காலுக்கு மேல் கடல்!

“நாகப்பட்டினத்துக்காரன்... நீச்சல் தெரியாதா?”

காலேஜில் சேர்ந்த முதல் வாரமே ஹாஸ்டலில் என்னை ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். என்ன செய்ய? எங்க வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பீச்சுக்குப் போகலாம், சுண்டல் சாப்பிடலாம், காற்று வாங்கலாம். ஆனால் தண்ணீர் முழங்காலைத் தாண்டக் கூடாது. சட்டம் போட்டது அம்மா. காரணம், ஹாலில் மாலை போட்டு மாட்டியிருக்கும் மாமா. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கக் கடற்கரைப் பக்கம் போனவர். நான் பிறந்தது அதற்குப் பிறகு. மாமாவை போட்டோவில்தான் எனக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட நான், போன செமஸ்டர் லீவில், தாய்லாந்தின் ஃபி ஃபி தீவுகளுக்கு நடுவே ஒரு தனிப் படகில், முகத்தில் மாஸ்க்கும் வாயில் டியூபுமாக உட்கார்ந்திருந்தேன். வீட்டில் என்ன சொன்னேன்? “ஃப்ரெண்ட்ஸோட பாங்காக் போறேம்மா!” பொய் இல்லை. பாங்காக் வழியாகத்தான் போனோம்!

வாலு படகு

பாங்காக்கில் இருந்து கிராபி. அங்கிருந்து பெரிய படகில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் ஃபி ஃபி டோன். மொத்தம் 6 தீவுகள். ஊர், ஹோட்டல், ஜனங்கள் எல்லாம் டோனில் மட்டும்தான். அங்கே முஸ்லிம்கள் அதிகம். விடியற்காலையில் பள்ளிவாசலில் பாங்கு சொன்னபோது, அரைத்தூக்கத்தில் நாகூரில் இருப்பதாகவே நினைத்துவிட்டேன்.

ஆறு பேர் சேர்ந்து ஒரு நாள் முழுக்க ஒரு படகைப் பேசிக்கொண்டோம். டூர் கம்பெனி ஸ்பீட் போட்டில் முப்பது நாற்பது பேரோடு இடிபட வேண்டாம். அதைவிட முக்கியம், புக்கெட்டில் இருந்து அந்தக் கூட்டமெல்லாம் வந்து சேர்வதற்குள் நாம் போய்விடலாம். விலையைப் பங்கு போட்டால் ஒன்றும் பெரிய வித்தியாசம் இல்லை.

படகைப் பார்த்ததும் எங்க மெக்கானிக்கல் கோஷ்டிக்குக் கண்கள் விரிந்துவிட்டன. மரப் படகின் பின்னால், கார் அல்லது லாரியில் இருந்து கழற்றிய டீசல் இன்ஜினை அப்படியே தூக்கி வைத்திருக்கிறார்கள்! அதில் இருந்து நீளமாக ஒரு கம்பி, நுனியில் ப்ரொபெல்லர். சுக்கான் கிடையாது. மொத்த இன்ஜினையே இடதும் வலதுமாகத் திருப்பினால் படகு திரும்பும். பாறை வந்தால் ஒரு அழுத்து, ப்ரொபெல்லர் தண்ணீரை விட்டு மேலே வந்துவிடும். ரேடியேட்டருக்குப் பதில், படகுக்கு அடியில் ஓடும் உலோகக் குழாய். கடல் தண்ணீரே கூலிங்! நாலு செமஸ்டர் படித்துப் புரியாத தெர்மல் அங்கே நாலு நிமிஷத்தில் புரிந்தது. இந்தப் படகுக்கு அவர்கள் வைத்த பெயருக்கே ‘நீள வால் படகு’ என்றுதான் அர்த்தம்.

படகின் மூக்கில் கலர் கலராகத் துணியும் பூமாலையும் கட்டியிருந்தது. படகுக்குக் காவலாக ஒரு தெய்வத்தாய் இருப்பதாக நம்பிக்கை. அதனால் மூக்கில் காலை வைக்கக் கூடாதாம். எங்க ஊர் விசைப்படகுக்கு மாலை போடுகிற அதே சமாச்சாரம். படகோட்டிக்கு ஐம்பது வயசு இருக்கும். அங்கே அண்ணன், அக்கா இரண்டுக்கும் ஒரே சொல், ‘பி’. எங்களுக்கு வாயில் வந்தது ‘அண்ணே’. இரண்டாவது தடவையே திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

லீவு எடுத்த கடற்கரை

முதல் ஸ்டாப் ஃபி ஃபி லே தீவின் மாயா பே. 2000-ல் வந்த ‘தி பீச்’ படத்தில் லியோனார்டோ டிகாப்ரியோ சுற்றியது இங்கேதான். படம் வந்த பிறகு உலகமே கிளம்பி வந்தது. ஒரு நாளைக்கு 5,000 பேர் வரை! நங்கூரம் போட்டும், காலால் மிதித்தும் பவளப்பாறைகளை நொறுக்கித் தள்ளினார்கள். 2018 ஜூனில் கடற்கரையை மூடினார்கள். நாலு மாசம் என்று சொல்லி மூடியது, திறந்தது 2022 ஜனவரியில். மூன்றரை வருஷ லீவு!

அந்த லீவில் ஆயிரக்கணக்கான பவளத் துண்டுகளைக் கடலுக்கடியில் நட்டார்கள். ஆள் நடமாட்டம் நின்றதும், கறுப்பு நுனித் துடுப்புச் சுறாக்கள் தானாகவே திரும்பி வந்தன. இப்போது படகுகள் முன்பக்கம் வர முடியாது. தீவின் முதுகுப் பக்கம் இறங்கி, மரப்பாதை வழியாக நடந்து வர வேண்டும். காலை ஏழரைக்கு நாங்கள் போனபோது வெள்ளை மணலும், மூன்று பக்கமும் செங்குத்துப் பாறையும், நடுவே பச்சைத் தண்ணீரும்... சும்மா சொல்லக் கூடாது, ஒரு நிமிஷம் யாருமே போனை எடுக்கவில்லை!

காவலுக்கு நின்றவர் விசில் ஊதி ஒரு போர்டைக் காட்டினார். நீந்தக் கூடாது. முழங்கால் ஆழம் வரைதான் இறங்கலாம்!

“டேய், உங்கம்மா இங்கேயும் வந்துட்டாங்கடா!” என்றான் ரூம்மேட். எல்லோரும் சிரித்தோம். என் காலில் இருந்து ஐந்தடி தள்ளி ஒரு குட்டிச் சுறா வளைந்து போனது. போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். ‘பார், முழங்கால் வரைக்கும்தான்’ என்று அடியில் ஒரு வரி.

அண்ணன் சொன்னது

அதே தீவில் பைலே லகூனைச் சுற்றிவிட்டு, மூங்கில் தீவுக்குத் திரும்பினோம். நல்ல தூரம். இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசிக்கொண்டு வந்தோம். எந்த ஊர் என்று கேட்டார் அண்ணன். இந்தியா, தமிழ்நாடு, கடற்கரை ஊர் என்றேன். “சுனாமி?” என்றார் உடனே. தலையாட்டினேன்.

அன்றைக்கு அவர் படகோடு தீவை விட்டுத் தள்ளி இருந்திருக்கிறார். தண்ணீர் ஒரு தடவை தூக்கிப் போட்டதாம். அவ்வளவுதான். திரும்பி வந்தால், டோன் தீவின் நடுவே இருந்த ஊர் இல்லை. அந்த இடம் இரண்டு கடலுக்கு நடுவே ஒரு ஒல்லியான மணல்திட்டு. அலை இரண்டு பக்கமும் ஏறி நடுவே சந்தித்திருக்கிறது. “கடைக்குப் போன அக்கா...” என்று சொல்லி நிறுத்திவிட்டார். உடைந்த இங்கிலீஷில் அதற்கு மேல் சொல்லவும் தேவையிருக்கவில்லை.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் அன்று 6,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். எங்க ஊரிலும் கடலுக்குள்ளே இருந்த பல மீனவர்கள் பிழைத்தார்கள். கரையில் நின்றவர்கள்தான் போனார்கள். ஆழத்தில் சுனாமி பெரிய உயரம் எடுக்காது. ஜெட் விமான வேகத்தில் ஓடி வந்து, ஆழம் குறையக் குறைய வேகத்தை இழந்து உயரமாக எழும்பும். பாடத்தில் படித்திருக்கிறேன். இரண்டு மார்க் கேள்வி. மாமா நின்றதும் கரையில்தான். இதைச் சொல்லி அம்மாவிடம் வாதாட எனக்குத் தைரியம் கிடையாது. சட்டம் ஃபிசிக்ஸை வைத்துப் போட்டதில்லையே.

“அப்புறம் கடலைப் பார்த்துப் பயம் வரலையா அண்ணே?” என்றேன். “ஒரு வருஷம் வரலை” என்றார், “கடலுக்கு.” அவ்வளவுதான் பதில்.

உள்ளே...

மூங்கில் தீவுக்குப் பக்கத்தில் இன்ஜினை நிறுத்தினார். மற்ற ஐந்து பேரும் தொப் தொப்பென்று குதித்துவிட்டார்கள். நான் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் லைஃப் ஜாக்கெட் வாரை இழுத்து இறுக்கினார். ஒரு கயிற்றை என் கையில் கொடுத்து, மறுமுனையைப் படகில் கட்டினார். இறங்கினேன்.

முதல் ஒரு நிமிஷம் கேவலம்! டியூபில் தண்ணீர், மூக்கில் எரிச்சல், “அம்மா!” என்ற அலறல். அண்ணன் வாயால் மெதுவாக ஊதிக் காட்டினார். வாயால் மட்டும் மூச்சு. மெதுவாக. மறுபடி முகத்தைத் தண்ணீரில் வைத்தேன்.

மாஸ்க் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கொஞ்சம் காற்றுதான் விஷயமே. அது இல்லாவிட்டால் தண்ணீருக்குள் எல்லாமே மங்கல். அது இருந்தால் மீன்கள் இருப்பதைவிடக் கிட்டத்திலும் பெரிதாகவும் தெரிகின்றன. மான்கொம்பு மாதிரிப் பவளம், மூளை மாதிரிப் பவளம், கோடு போட்ட சட்டையில் மீன் கூட்டம், கறுப்பு ஊசிப் பந்து மாதிரி ஏதோ ஒன்று. காதில் நெறுக் நெறுக் என்று சத்தம். என்னடா என்று பார்த்தால், கிளி மீன்கள் பாறையைக் கொறிக்கின்றன! தின்ற பவளத்தை அவை வெளியே விடுவதுதான் வெள்ளை மணலாகிறதாம். காலையில் நாங்கள் செல்ஃபி எடுத்த மணலில் எவ்வளவு அதுவோ!

அழகு மட்டும் இல்லை. இடையிடையே எலும்பு மாதிரி வெளுத்த திட்டுகளும் இருந்தன. பவளம் ஒரு உயிர். கடல் சூடு வழக்கமான கோடையைவிட ஒரு டிகிரி ஏறி, சில வாரம் இறங்காமல் நின்றால் போதும். அதற்குள் வாழ்ந்து சோறு போடும் நுண்பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துவிடும். 2024-ல் உலகம் முழுக்க அப்படி நடந்தது.

அப்போது எங்க ரூம்மேட் களைத்துப்போய் ஒரு பவளத்தின் மேல் காலை ஊன்றி நின்றான். அதுவரை சிரித்துக்கொண்டே இருந்த அண்ணன் போட்ட சத்தத்தில் நாங்கள் ஆறு பேரும் நடுங்கிவிட்டோம். அவன் பதறி விலகினான். பவளத்தில் விரல் நீளக் கிளை ஒன்று உடைந்திருந்தது. அந்த அளவு மறுபடி வளர ரொம்ப நாளாகும்.

எப்போது கயிற்றை விட்டேன் என்று தெரியவில்லை. தலையைத் தூக்கினால் படகு முப்பதடி தள்ளி நின்றது. எனக்குக் கீழே மூன்று ஆள் ஆழம். பயம் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் மாமா ஞாபகம் வந்தது. மாமாவும் இந்த மாதிரி ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

அண்ணன் படகில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் காட்டினேன். அவரும் காட்டினார்.

அம்மா, மாயா பே போட்டோ நிஜம்தான். ஆனால் அது காலையில் எடுத்தது. மத்தியானம் நடந்ததை உன்னிடம் நேரில் சொல்ல மூன்று தடவை வாயைத் திறந்து மூடிவிட்டேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நீதான் வாரா வாரம் இந்தப் பக்கத்தை முதலில் படிக்கிற ஆள். அடுத்த லீவுக்கு வரும்போது ஒரு நாள் நம்ம பீச்சுக்குப் போவோம். உன் கையைப் பிடித்துக்கொள்கிறேன். முழங்கால் வரைக்கும்தான். சத்தியமா!

கிளம்புறவங்களுக்கு...

* நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி. ஆகஸ்ட், செப்டம்பரில் மாயா பே லீவு.

* நேஷனல் பார்க் கட்டணம் வெளிநாட்டவருக்கு 400 பாட். படகு வாடகையில் அது சேர்த்தியா என்று முதலிலேயே கேளுங்கள்.

* ஆக்ஸிபென்சோன் கலந்த சன்ஸ்க்ரீனுக்கு 2021-ல் இருந்து தாய்லாந்தின் தேசியப் பூங்காக்களில் தடை. முழுக்கை டி-ஷர்ட் பெட்டர்!

* நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் போடுங்கள். களைத்தால் மிதக்கலாம், பவளத்தில் நிற்க வேண்டியிருக்காது.

* மீனுக்கு பிரெட் போடாதீர்கள். கிளி மீன் பாறையைக் கொறிப்பதுதான் பவளத்துக்கு நல்லது.

* வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டுப் போங்கள். எழுதிச் சொல்வது ரொம்பக் கஷ்டம்!