‘மை லவர்’ என்றார் பஸ் டிரைவர்

திங்கள்

இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பழைய மாணவி இரவு போன் செய்தாள். குரலில் பதற்றம். “மேடம், பஸ்ல ஏறினா டிரைவர் ‘ஆல்ரைட், மை லவர்?’னு கேக்கறார். வார்டுல எண்பது வயசுப் பாட்டியும் அதையேதான் சொல்றாங்க. நான் என்ன பதில் சொல்றது?”

பாட்டியும் சொல்கிறார் என்பதிலேயே விடை இருக்கிறது. பிரிஸ்டல், டெவன், கார்ன்வால் பக்கம் கடைக்காரர்களும் டிரைவர்களும் முகம் தெரியாதவரைக்கூட அப்படி விளிப்பது வழக்கம். நாம் ‘அண்ணே’, ‘தாயி’ என்பதைப் போல. ஸ்டோக், டெர்பி போனால் அது ‘டக்’. யார்க்‌ஷயரில் ‘லவ்’, அங்கே ஆண்களை ஆண்களே அப்படி அழைப்பதுண்டு.

“நீயும் ‘ஆல்ரைட்’னு சொல்லிட்டு சீட்டுல உக்காரும்மா” என்றேன். அவளுக்கு மூச்சு வந்தது.

புதன்

வெளிநாடு போகும் நர்ஸ்களுக்கு ‘ஆபத்தான வாக்கியங்கள்’ என்று ஒரு பட்டியல் அச்சடித்துக் கொடுக்கலாம் என்று பயிற்சி மையத்தில் யோசனை சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. காபிக்குக் கூப்பிடுவதை அதில் சேர்ப்பதா, விடுவதா? பகல் பதினொரு மணிக்கு கேன்டீனில் சீனியர் நர்ஸ் கூப்பிட்டால் அது காபிதான். இரவுச் சாப்பாடு முடிந்து வாசல்வரை கூட வந்தவரிடம் ‘மேலே வந்து ஒரு காபி?’ என்றால் பெரும்பாலும் காபி இல்லை. 1991இல் ஒளிபரப்பான ‘சைன்ஃபெல்ட்’ என்ற அமெரிக்க டி.வி. தொடரின் அத்தியாயம் ஒன்றில் ஜார்ஜ் என்பவன் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறான். காபி குடித்தால் ராத்திரி தூக்கம் வராது என்று மறுத்துவிட்டு, அப்புறம் பொருள் விளங்கித் தவிக்கிறான். அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கே இந்தக் கதி.

வியாழன்

எம்.ஏ. ஆங்கிலம் படிக்கும் அக்கா மகள் ‘எம்மா’ நாவலை எடுத்து வந்தாள். வண்டிக்குள் எல்டன் எம்மாவிடம் ‘மேக்கிங் லவ்’ என்று வரும் இடத்தை வகுப்பில் வாசிக்கக் கூச்சமாம். 1815 டிசம்பரில் வெளிவந்த கதை. அன்று அதற்குக் காதலைச் சொல்லி மன்றாடுவது என்றுதான் அர்த்தம். இன்றைய அர்த்தம் இருபதாம் நூற்றாண்டில் ஏறியது. ‘நாக் அப்’புக்கு அர்த்தம் இடத்துக்கு இடம் மாறும். லங்காஷயர் மில் ஊர்களில் விடியுமுன் நீளக் கழியால் மாடி ஜன்னலைத் தட்டித் தொழிலாளர்களை எழுப்பிவிடக் கூலிக்கு ஆட்கள் இருந்தார்கள்; அப்படி எழுப்புவதுதான் அங்கே ‘நாக் அப்’. அமெரிக்கரிடம் அதே சொல்லுக்குக் கர்ப்பமாக்குவது என்று அர்த்தம். படம் பார்த்து ஓய்வெடுப்பதைக் குறித்த ‘நெட்ஃப்ளிக்ஸ் அண்ட் சில்’ படுக்கைக்கு அழைப்பதாக மாறச் சில வருஷமே போதுமாயிருந்தது. இதற்கெல்லாம் அச்சடித்த தாள் எப்படி ஈடுகொடுக்கும்?

சனி

நர்ஸ் வேலையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. மனச்சோர்வோடு இருக்கும் நோயாளியிடம் ‘ஆர் யூ சீயிங் எனிஒன்?’ என்று கேட்டால், டாக்டரைப் பார்க்கிறீர்களா என்றும் ஆகும், காதலர் யாரும் உண்டா என்றும் ஆகும். ‘சீயிங் எ டாக்டர்’ என்று வெளிப்படையாகக் கேட்டுவிட்டால் தீர்ந்தது.

நம் பெண்கள் வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் ‘ஹாய் டியர்’ போடுகிறார்கள். தோழிகளுக்குள் சரி. கூட வேலை செய்யும் ஆணுக்குப் போகும்போது அவன் வேறு மாதிரி எடுத்துக்கொள்ள இடமுண்டு. ஆனால் அப்படி ஆகிவிட்டால், “நீ ஏன் அப்படி எழுதினே, ஏன் சிரிச்சுப் பேசினே” என்று அவளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சந்தேகம் வந்தவர் கேட்க வேண்டியதுதானே? ‘டூ யூ மீன் அஸ் ஃப்ரெண்ட்ஸ்?’ என்று நேராகக் கேட்பது மரியாதைக் குறைவே இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் அது பொது.

ஞாயிறு

நாளை வகுப்புக்குக் குறிப்பு எழுதினேன். பட்டியல் கிடையாது. ‘வுட் யூ லைக் எ காபி?’ என்ற ஒரே கேள்வியை கேன்டீனிலும், பஸ் ஸ்டாப்பிலும், இரவில் வீட்டு வாசலிலும் நடித்துக் காட்டச் சொல்ல வேண்டும். யார், எங்கே, எந்த நேரத்தில் கேட்கிறார் என்று மற்றவர்கள் சொல்லட்டும். பிறகு மறுப்புக்குப் பயிற்சி. ‘தட்ஸ் கைண்ட் ஆஃப் யூ, பட் நோ.’ நம் பிள்ளைகள் முன்னாலும் பின்னாலும் ஒரு ‘ஸாரி’ ஒட்டிவிடுவார்கள். அது உதிரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லவைக்கப் போகிறேன்.