பல்பு செத்தாலும் சில்லு சாகவில்லை

எல்.இ.டி. பல்பு அட்டையில் 25,000 மணி நேரம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். எங்கள் வராண்டா பல்புக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை போல!

போனதை ஹோல்டரிலிருந்து கழற்றி, மேல் மூடியை நெம்பிப் பாருங்கள். மஞ்சள் சில்லுகளில் ஒன்றில் மட்டும் கரும்புள்ளி இருக்கும். எல்லாம் வரிசையாகக் கோத்தவை. ஒன்று கருகினால் மொத்தமும் அவுட். இல்லையென்றால் அடியில் டிரைவர் சர்க்யூட்டில் கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கும். இரண்டுக்கும் பெரும்பாலும் சூடுதான் எமன். அட்டையில் உள்ள கணக்கோ, பொதுவாகச் சில்லின் வெளிச்சம் 70 சதவீதமாகக் குறையும் வரைக்குமானது. டிரைவர் அதுவரை தாங்குமா என்பது தனிக் கதை.

அதற்காகச் சுமார் 1,000 மணி நேரமே எரியும் குண்டு பல்புக்குத் திரும்ப முடியுமா? 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை எல்.இ.டி. 9 வாட்டில் தருகிறதே. மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் மட்டும் மாட்டாதீர்கள். வாரண்டி பில்லையும் தொலைத்துவிடாதீர்கள்.