தாளமும் தன்னியல்பும்

காலத்தைப் போலக் கண்டிப்பான திறனாய்வாளர் வேறு எவரும் இல்லை. ஒரு தலைமுறை போற்றிய நூலை அடுத்த தலைமுறை புரட்டிப் பார்ப்பதுமில்லை. நேற்று நாடெல்லாம் முணுமுணுத்த பாட்டு இன்று கேட்பாரற்றுக் கிடக்கின்றது. இலக்கியத்துக்கும் இசைக்குமே இந்த நிலை என்றால், ஆண்டுதோறும் கருவியும் வடிவமும் மாறிக்கொண்டே இருக்கின்ற கணினி விளையாட்டுகளைப் பற்றிக் கேட்கவா வேண்டும்? அவற்றின் வாழ்நாள் ஈசலின் வாழ்நாள் என்பதே பலருடைய எண்ணம்.

இந்த எண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அண்மையில் ஒரு பள்ளி விடுமுறையில் எனக்குக் கிட்டியது. ஆசிரியர் பயிற்சியை முடித்துப் பணியில் சேர்ந்த புதிதில், 1990களின் இறுதியில், உடன் தங்கியிருந்த நண்பர்களோடு மாலை வேளைகளில் ஆடி மகிழ்ந்த விளையாட்டு ஒன்றைத் தங்கையின் வீட்டில் மீண்டும் ஆடினேன். ‘பரப்பா தி ராப்பர்’ என்பது அதன் பெயர்.

1996ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் கருவிக்காக ஜப்பானில் வெளிவந்தது இது. ஆக்கியவர் மசாயா மட்சுரா. அவர் அடிப்படையில் ஓர் இசைக்கலைஞர். 1980களில் ‘சைஸ்’ என்னும் இசைக்குழுவை நடத்திப் புகழ் பெற்றவர். பாத்திரங்களை வரைந்தவர் ரோட்னி கிரீன்பிளாட் என்னும் அமெரிக்க ஓவியர். ஜப்பானியரின் இசையறிவும் அமெரிக்கரின் குறும்பும் கலந்த கலவை அது. தாளத்தையே பொருளாகக் கொண்ட விளையாட்டுகளுக்கு இதனை முன்னோடி என்று கூறுவர். காலடிகளால் ஆடும் ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’ 1998இலும், கித்தார் வடிவக் கருவியைக் கையிலேந்தி ஆடும் ‘கித்தார் ஹீரோ’ 2005இலும் இதன் பின்னர் வந்தவையே.

கதை மிக எளியது. பரப்பா என்பது தொப்பி அணிந்த ஒரு நாய்க்குட்டி. மலர் முகம் கொண்ட தோழி ஒருத்தியின் அன்பைப் பெற வேண்டும் என்பது அதன் ஆசை. அதற்காக அது ஒவ்வோர் ஆசிரியராகத் தேடிச் செல்கின்றது. வெங்காயத் தலையர் ஒருவரிடம் கராத்தே கற்கின்றது. கடமான் அம்மையாரிடம் கார் ஓட்டப் பழகுகின்றது. தவளையாரோடு சேர்ந்து சந்தையில் பொருள் விற்கின்றது. தோழியின் பிறந்தநாளுக்காகக் கோழியம்மையாரிடம் அணிச்சல் செய்யக் கற்றுக்கொள்கின்றது. ஐந்தாம் கட்டம் வேடிக்கையின் உச்சம். வயிறு முட்டத் தின்ற பரப்பா கழிப்பறை வாசலில் தவித்து நிற்க, வரிசையில் முந்துவதற்குத் தன் ஆசிரியர்கள் நால்வரோடும் பாட்டில் போட்டியிட வேண்டியிருக்கின்றது! ஆறாம் கட்டத்தில்தான் மேடையேற்றம்.

ஆடும் முறையோ நமக்கு மிகவும் பழகியது. ஆசிரியர் ஒரு வரியைத் தாளத்தோடு சொல்கின்றார். முக்கோணம், வட்டம், சதுரம் முதலிய குறிகள் திரையின் மேற்புறம் ஒரு கோட்டில் வரிசையாகத் தோன்றுகின்றன. அடுத்த சுற்றில், அதே தாளத்தில், அந்தந்தக் குறிக்குரிய பொத்தான்களை அழுத்தினால் பரப்பா அந்த வரியைத் திருப்பிச் சொல்கின்றது. ஆசிரியர் சொல்ல மாணவர் வாங்கிச் சொல்லும் முறை இது. திண்ணைப் பள்ளியில் அரிச்சுவடி கற்றது இப்படித்தான். மிருதங்க ஆசிரியர் சொற்கட்டுகளைச் சொல்லிக் கொடுப்பதும் இப்படித்தான். இன்றும் நம் தமிழ்ப்பள்ளிகளில் முதலாம் ஆண்டு மாணவர்கள் செய்யுள் பயில்வதும் இப்படியேதான்.

சரி, முப்பது ஆண்டுகளை எட்டும் இந்த விளையாட்டு இன்று எப்படி நிற்கின்றது? முதலில் நிறைகளைச் சொல்கின்றேன்.

அதன் காட்சி சிறிதும் மூப்படையவில்லை. அதே காலத்தில் வந்த பல விளையாட்டுகள் மனித உருவத்தை மெய்யாகவே காட்ட முயன்றன. அன்றைய கருவியின் ஆற்றல் அதற்குப் போதவில்லை. அவற்றின் கோணல்மாணலான முகங்களை இன்று பார்த்தால் நகைப்பே வருகின்றது. பரப்பாவின் உலகமோ அந்த வழிக்கே போகவில்லை. அதன் மாந்தர் அனைவரும் தாளிலிருந்து வெட்டி எடுத்த பொம்மைகள் போன்றவர்கள். முப்பரிமாணக் களத்தில் நடமாடும் தட்டை உருவங்கள். தன்னால் இயலாததற்கு ஆசைப்படாமல் இயன்றதை அழகாகச் செய்த கலை இது. அத்தகைய கலைக்கு எளிதில் வயதாவதில்லை. பாட்டும் அவ்வாறே. ஓட்டுநர் பயிற்சியும் அணிச்சல் செய்முறையும் பாட்டுக்குப் பொருளாகுமா என்று கேட்பவர் ஒரு முறை கேட்டால் போதும். மறுநாள் காலையிலும் அந்தத் தாளம் விரல்நுனியில் நிற்கும்.

குறைகளும் உள்ளன. ஆறே ஆறு பாடல்கள் என்பதால், கை தேர்ந்தவர் ஒரு மணி நேரத்திற்குள் முழுவதையும் முடித்துவிடலாம். அதைவிடப் பெரிய குறை காலக்கணக்கில் இருக்கின்றது. நாங்கள் முதலில் ஆடியது 2017இல் பிளேஸ்டேஷன் 4 கருவிக்கென வெளியிடப்பட்ட புதுப்பிப்பு. தங்கை வீட்டுத் தட்டைத் திரைத் தொலைக்காட்சியில் எவ்வளவு கவனமாக அழுத்தினாலும் அடி பிந்திக்கொண்டே போயிற்று. காரணம் விளங்காத ஒன்றன்று. கண்ணாடிக் குழாயைக் கொண்ட பழைய தொலைக்காட்சி வந்த காட்சியை வந்தவுடன் காட்டியது. இன்றைய திரைகள் காட்சியை மெருகேற்றிய பின்பே காட்டுகின்றன. அதற்குள் ஒரு சிறு தாமதம் ஏற்பட்டுவிடுகின்றது. நிமிடத்திற்கு 100 அடிகள் என்று வைத்துக்கொண்டால் ஓர் அடிக்கு 0.6 வினாடி, அதில் கால் பங்கு 0.15 வினாடி. இதில் 0.1 வினாடி திரையிலேயே கரைந்துபோனால் ஆடுபவர் என்ன செய்ய முடியும்? திரைப்படம் பார்ப்பவருக்கு ஒரு பொருட்டாகாத இந்தத் தாமதம் தாளம் போடுபவருக்குப் பெரும் இடையூறாகின்றது. கண்ணிமைக்கும் பொழுதையும் கைநொடிக்கும் பொழுதையும் மாத்திரைக்கு அளவாக வைத்த தொல்காப்பியத்தைக் கற்பிக்கும் நமக்கு இந்த நுட்பம் எளிதில் விளங்கும். குறிலை நெடிலாக நீட்டினால் பொருளே மாறிவிடுகின்றது அன்றோ?

தொலைக்காட்சியை ‘விளையாட்டு நிலை’க்கு மாற்றியதும் நிலைமை ஓரளவு சீரடைந்தது. பின்னர் வீட்டின் பின்னறையில் கிடந்த பழைய கருவியையும் பழைய தொலைக்காட்சியையும் தூசி தட்டி இணைத்தோம். அன்றைய பரப்பா அப்படியே திரும்பி வந்துவிட்டது. ஆதலால், மூத்துப்போனது விளையாட்டன்று. அதைத் தாங்கும் சூழலே மாறிவிட்டது என்று துணிந்து கூறலாம்.

இனி நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது அதன் மதிப்பீட்டு முறையைப் பற்றியது.

அதில் நான்கு நிலைகள் உள்ளன. ‘நன்று’ என்னும் நிலையில் பாட்டு தொடங்குகின்றது. தொடர்ந்து தடுமாறினால் ‘தாழ்வு’க்கும், அதற்கும் கீழே ‘படுமோச’த்துக்கும் இறங்க நேரிடும். ஆசிரியர் சொன்னதைப் பிழையின்றித் திருப்பிச் சொன்னால் ‘நன்று’ நிலைக்கும். ஆனால், அதற்கு மேலும் ஒரு நிலை உண்டு. அதை எட்டுவதற்குத் திருப்பிச் சொன்னால் மட்டும் போதாது. தாளத்துக்குள் நின்றுகொண்டே சொந்தமாக எதையாவது சேர்க்க வேண்டும். எட்டிய மறுகணம் ஆசிரியர் காட்சியிலிருந்து விலகிச் சென்றுவிடுகின்றார். மாணவர் தனித்து நின்று தம் விருப்பம்போல் பாடலாம். மாணவருக்கு ஆசிரியர் அளிக்கும் மிக உயர்ந்த பரிசு தாம் விலகிக்கொள்வதே என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன பாடநூல் எதையும் நான் படித்ததில்லை.

தங்கையின் பிள்ளைகள் இருவரும் மாறி மாறி ஆடினார்கள். மூத்தவள் ஐந்தாம் ஆண்டு மாணவி. எதையும் வரிசை தவறாமல் செய்பவள். இளையவன் மூன்றாம் ஆண்டு மாணவன். அவன் விரல்களுக்கு ஓய்வே இல்லை. மூத்தவள் முதலிலிருந்து முடிவுவரை ‘நன்று’ நிலையிலேயே நின்றாள். இளையவன் இருமுறை ‘தாழ்வு’க்கு விழுந்தான், மூன்றாம் முறை திடீரென்று உச்சிக்கு ஏறினான். வெங்காயத் தலையர் விலகிப்போனார்.

“மாமா, நான் ஒன்றுகூட விடாமல் அப்படியே செய்தேனே! தம்பி கண்டபடி அழுத்தினான். அவனுக்கு மட்டும் எப்படி?” என்று கேட்டாள் மூத்தவள். அவள் கண்களில் நீர் முட்டி நின்றது.

அவள் கேள்வியில் நியாயம் இருக்கின்றது. எதற்காக மதிப்பெண் கூடியது, எதற்காகக் குறைந்தது என்று அந்த விளையாட்டு விளக்குவதே இல்லை. மேலும், இளையவன் அழுத்தியவற்றுள் சில, தாளத்தின் இடைவெளியை உணர்ந்து நிரப்பியவை. சில வெறும் தட்டல்கள். இரண்டுக்குமே கருவி மதிப்பெண் அளித்தது. தன்னியல்புக்கும் தற்செயலுக்கும் வேறுபாடு காண அதற்குத் தெரியவில்லை. விளையாட்டின் உண்மையான குறை இதுவே என்பேன். “முதலில் தாளம் வேண்டும், அது உன்னிடம் இருக்கின்றது. இனி உன் சொந்த அடி ஒன்றைச் சேர்த்துப் பார்” என்று அவளிடம் சொன்னேன். அவள் மெல்ல ஓர் அடியைச் சேர்த்தாள், பிறகு இன்னொன்று. அன்று அவள் உச்சியை எட்டவில்லை. ஆனால், முதன்முறையாகச் சிரித்துக்கொண்டே ஆடினாள்.

அந்தப் பிள்ளையைப் போன்றவர்கள் நம் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கின்றார்கள். மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்து, ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதி, நாம் அளிக்கும் ‘நன்று’வோடு நிறைவடைகின்றார்கள். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டது. வகுப்புசார் மதிப்பீட்டில் ஆறு அடைவுநிலைகள் உள்ளன. ஆயினும் மனனக் கட்டுரை நம் வகுப்பறையை விட்டு இன்னும் போகவில்லை. மனனம் தீதன்று, தாளம் கைவராதவர் தனித்துப் பாட முடியாது. ஆனால், மனனம் படிக்கட்டேயன்றி மாடம் அன்று. ஒரு மாணவர் தம் சொந்த வாக்கியம் ஒன்றைத் தயங்கித் தயங்கி எழுதும்போது, அது தற்செயலா தன்னியல்பா என்று கண்டறிந்து, தன்னியல்பாயின் தட்டிக்கொடுப்பது கருவியால் இயலாத பணி. அதற்குத்தான் ஆசிரியர் இருக்கின்றார்.

பரப்பாவைப் பற்றி என் தீர்ப்பு இது: படமும் பாட்டும் இளமை மாறாதவை, காலக்கணக்கிலும் மதிப்பெண் கணக்கிலும் குறையுண்டு, கருத்திலோ அது இன்றும் நம்மில் பலருக்கு முன்னால் செல்கின்றது. வாய்ப்புள்ள ஆசிரிய நண்பர்கள் ஒரு மாலைப் பொழுதை அதற்கு ஒதுக்கலாம். பழைய தொலைக்காட்சி ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது.