மூன்று மடிப்பில் ஒரு தோட்டம்

ஆகஸ்ட் 4, திங்கள்

எல்ல கடைத்தெருவில் விடுதி, தேநீர்க்கடை, வாடகை வண்டி நிலையம் என்று ஏறி இறங்கி, கிடைத்த துண்டுப்பிரசுரங்களை எல்லாம் எடுத்துவந்து தரையில் பரப்பினேன். முகப்பில் 1921இல் திறந்த ஒன்பது வளைவுப் பாலம். உள்ளே கூடை சுமந்த கொழுந்துக்காரி. எழுத்து பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ் இருந்த ஒன்றிரண்டிலும் அது கடைசிப் பக்கத்து அடியில், மிஞ்சிய இடத்தில் நெருக்கிக் கிடந்தது.

எங்கள் தோட்டத்து அக்காமார் விருந்தினரைத் தேயிலை மலைக்குள் கூட்டிப்போய்க் காட்டி, பகலுக்கு ரொட்டியும் சம்பலும் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு மும்மொழியில் ஒரு பிரசுரம் வேண்டும். அதற்காகத்தான் பக்க வடிவமைப்பைப் படிக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் இங்கே வருகிறவர்களும் காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர்கள்தானே.

ஆகஸ்ட் 6, புதன்

பண்டாரவளை அச்சகத்து அண்ணன் கணினியைத் திறக்கவே விடவில்லை. ஒரு ஏ4 தாளைக் கையில் கொடுத்து, "முதல்ல மடிச்சுப் பாரும்மா" என்றார்.

297 மில்லிமீற்றரை மூன்றாகப் பிரித்தால் பக்கத்துக்கு 99. அப்படி மடித்தால் உள்ளே போகிற பக்கம் மடிப்பில் முட்டி வளைகிறது. 100, 100, 97 என்று வைத்தால் படிந்து உட்காருகிறது. மறுபுறத்தில் இந்த வரிசை தலைகீழாகும் என்பதைத் தாளைத் திருப்பிப் பார்த்தால்தான் மனதில் ஏறும். வெட்டும் கத்தி சற்று விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாதிருக்க, நிறத்தை விளிம்புக்கு வெளியே 3 மில்லிமீற்றர் ஓடவிட வேண்டும். படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி. வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படங்கள் எல்லாம் கழிந்தன.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று முழுக்க எழுத்தோடுதான். இணையத்தில் கிடைக்கும் மாதிரி வடிவங்கள் ஆங்கிலத்துக்காகச் செய்தவை. தலைப்பை முழுதும் பெரிய எழுத்தில் போட்டு, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டால் அதில் எடுப்பாக நிற்கும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இல்லை. இடைவெளியை நீட்டினால் கொம்பும் காலும் தங்கள் மெய்யை விட்டு விலகி அநாதையாக நிற்கின்றன. தடிமன், அளவு, நிறம், சுற்றிலும் விடுகிற வெற்றிடம் இவற்றால்தான் தமிழ்த் தலைப்பைத் தூக்கிக் காட்ட முடியும்.

வரிக்கு வரி இடைவெளியும் அப்படித்தான். மேலே புள்ளியும் விலங்கும், கீழே சுழியும் இருக்கிற எழுத்துக்கு மூச்சுவிட இடம் வேண்டும். ஆங்கிலத்தில் 10 பொயின்ட் எழுத்துக்கு 12 பொயின்ட் வரி போதும். தமிழுக்கு 15 கொடுத்துப் பார்த்தேன், கண் நிம்மதியானது. 'முன்பதிவுசெய்துகொள்ளலாம்' போன்ற நீண்ட சொற்களை ஒடுங்கிய பத்தியில் இருபுறமும் சமப்படுத்தினால் நடுவே ஓட்டை ஓட்டையாக விழுகிறது. இடப்பக்கத்தை மட்டும் நேராக்கி, வலப்பக்கத்தை அதன் போக்கில் விட்டேன்.

பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் கட்டச்சட்டம் பற்றி சுவிட்சர்லாந்து வடிவமைப்பாளர் யோசெப் முல்லர்-புரொக்மன் 1981இல் வெளியிட்ட நூலில் ஜெர்மனும் ஆங்கிலமும் ஒரே சட்டகத்துக்குள் அருகருகே ஓடுகின்றன. பல மொழிகள் வாழும் நாட்டில் இந்த ஒழுங்கு செழித்ததை நான் பெரிதாக நினைக்கிறேன். ஆனால் அவை இரண்டும் ஒரே வரிவடிவம். எங்களிடம் மூன்று. ஆகவே அதிக இடம் கேட்கும் தமிழை முதலில் அமர்த்தி, அந்த அளவிலிருந்தே கட்டங்களைப் போட்டேன். சிங்களமும் ஆங்கிலமும் அதில் தாராளமாக உட்கார்ந்தன. ஆங்கிலத்துக்குப் போட்ட கட்டத்தில் தமிழைத் திணிக்கும்போதுதான் எழுத்து சிறுக்கிறது.

ஆகஸ்ட் 13, புதன்

கச்சான் காற்று அடிக்கிறது. ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறும் காலம்.

1890இல் தொமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். ஹப்புத்தளைக்கு மேலேயுள்ள தம்பேதன்ன அவருடையது. பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்ற தேயிலையை, எடை குறித்து அச்சிட்ட பொதிகளில் விற்றார். பொதியே விளம்பரமானது. கூடை சுமந்த எங்கள் பெண்ணும் அந்த விளம்பரங்களில் ஏறினாள். நூற்றாண்டு கடந்தும் அதே பெண், அதே சிரிப்பு. இன்று மலையில் பலர் கூடைக்குப் பதில் சாக்குத்தான் மாட்டுகிறார்கள். அவளை இப்படித்தான் காட்ட வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் அவளிடம் கேட்கவில்லை. எனக்கு இது ஆறவில்லை.

தேயிலைப் பொதிகளில் இருக்கும் சிங்க இலச்சினையை அழகுக்கு வைக்கலாமா என்று அக்கா ஒருவர் கேட்டார். அது இலங்கைத் தேயிலைச் சபைக்கு உரியது. முழுக்க இலங்கைத் தேயிலையை இங்கேயே பொதியிட்டு, தரத்திலும் தேறினால், அனுமதி பெற்று இடலாம். நாங்கள் விற்பது நடையும் சாப்பாடும். விட்டுவிட்டோம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பாமினியில் தட்டிய பழைய கோப்பு இன்னொரு கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறந்தது. தமிழை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் ஒளித்துவைத்த எழுத்துரு அது. எல்லாவற்றையும் யுனிகோடில் திரும்பத் தட்டி, எழுத்துகளைக் கோட்டுருவமாக்கி பிடிஎஃப் எடுத்தேன்.

மாலையில் அக்காமார் மாதிரிப்படியைப் பார்த்தார்கள். முகப்புக்குக் கொழுந்துப் படம் வேண்டாம், ரொட்டி சுடுகிற அடுப்படிதான் வேண்டும் என்றார்கள். விலை பெரிதாகத் தெரிய வேண்டும். மூத்தவர் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "எங்களைப் படமெடுக்க முதல் எங்களிடம் கேளுங்கள்." அதை உள்பக்கத்தின் தலையில், மூன்று மொழியிலும் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரியும்படி, தடித்த எழுத்தில் வைத்திருக்கிறேன். அதற்கு இடம் விட, அங்கே நானும் வைத்திருந்த ஒன்பது வளைவுப் பாலத்தின் படத்தை நீக்கியாயிற்று.