மேஸ்திரியம்மா மோதிரமும் உண்ணிமுள்ளும்

நாடுகாணி

என் அருமைத் தோழிக்கு,

சுரத்தில் மழை விட்டபாடில்லை. நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம், முதலில் சேதியைக் கேள். எங்க மேஸ்திரியம்மாவின் தங்க மோதிரம் தங்கமே இல்லையாம்!

கொழுந்து எடுக்கையில் உண்ணிமுள் விரலில் ஏறிடுச்சு. மறுநாள் விரல் பூவன்பழம் கணக்காய் வீங்கி, மோதிரம் சதைக்குள்ளே புதைஞ்சுபோச்சு. கழட்டச் சொன்னால், மாட்டவே மாட்டேன்னு அடம். லைன் வீடு முழுக்க விஷமுள், கண்ணேறுன்னு ஒரே பேச்சு. டிஸ்பென்சரி நர்ஸ்தான் வாயை அடைச்சாங்க: "விஷமும் இல்லை, கண்ணேறும் இல்லை. வீங்க வைச்சது உன் உடம்பேதான்."

கிருமியோடு முள் இறங்கினதும் தோலுக்கடியில் இருக்கிற மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுமாம். பக்கத்து ரத்தக்குழாய்கள் விரியும். அதான் சிவப்பும் சூடும். குழாய்ச் சுவர் இளகி நீர் கசியும், அது வீக்கம். அந்த இடுக்கு வழியே வெள்ளையணுக்கள் நெளிஞ்சு வெளியே வந்து கிருமியை விழுங்கிச் சாகும். நாம முகம் சுளிக்கிற சீழில் கிடக்கிறது அந்தப் பிணங்கள்தான், பாவம்! இப்படி விழுங்குறது உடம்பின் காவல்னு கண்டுசொன்னவரும் முள்ளை வைச்சுத்தான் கண்டாராம். 1882-இல் இத்தாலியின் மெசினாவில் மெச்னிகாஃப் என்கிற ரஷ்யர், கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் நட்சத்திரமீன் குஞ்சுக்குள் ரோஜாமுள்ளைச் செருகினார். விடிஞ்சு பார்த்தால் முள்ளைச் சுற்றி செல்கள் மொய்ச்சிருந்தன. 1908-இல் நோபல் பரிசும் வாங்கிட்டார். வீக்கத்தோடு வர்ற வலிக்கு ஒரு காரணம் புராஸ்டாகிளாண்டின். ஆஸ்பிரின் அதைச் சுரக்கவிடாமல் தடுக்குதுன்னு 1971-இல் ஜான் வேன் காட்டினார்.

கதைக்கு வர்றேன். நர்ஸ் மோதிரத்துக்கடியில் நூலை விட்டு, விரலை இறுக்கிச் சுற்றி, மெல்ல உருவிட்டாங்க. உள்ளே சுத்திப் பச்சை வளையம்! கவரிங்! மேஸ்திரியம்மா முகத்தைப் பார்க்கணுமே. வீக்கம் மூணு நாளில் வடிஞ்சிடும், பேச்சு வடியுமா?

சிரிச்சது போதும், ஒண்ணு கவனி. உங்க அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கே. சர்க்கரை ஏறிக்கிடந்தால் வெள்ளையணு மந்தமாயிடும், கால் மரத்துப்போய் முள் குத்தினதும் தெரியாது. திருப்பூரில் வேலை வேலைன்னு ஓடாமல், ராத்திரி அவங்க உள்ளங்காலை நீயே ஒருதரம் பார். புண்ணோ வீக்கமோ இருந்தால் பிதுக்காதே. சிவப்புக் கோடு மேலே ஏறினாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. பார்த்துட்டு எனக்கு எழுது.

உன் தோழி