வெள்ளோட்டம்

புதிதாகச் செய்த தேரில் முதல் நாளிலேயே சுவாமியை எழுந்தருளச் செய்வதில்லை. வெறுந்தேரை ஒருமுறை வடம்பிடித்து இழுத்துப் பார்க்கிறார்கள். அச்சு தாங்குகிறதா, சில்லு இடறாமல் உருள்கிறதா, முட்டுக்கட்டை போட்டால் நிற்கிறதா என்று தச்சரும் ஊராரும் கூட நடந்து கவனிக்கிறார்கள். குறை தெரிந்தால் திருத்துகிறார்கள். அதன் பின்னரே திருவிழா. இதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். நம் முன்னோர் நமக்குத் தந்துவிட்டுப்போன இந்தச் சொல்லின் முழுப்பொருளையும் நாம் ஒரு கணினி மென்பொருளின் வாயிலாகத்தான் கற்றுக்கொண்டோம் என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். கற்றுக்கொண்ட பாடத்துக்கு விலை கொடுத்தவர்கள் நாமல்லர் என்பதனாலேயே இதை எழுத வேண்டியவர்களாக இருக்கிறோம்.

அடம்பன் மன்னார் மாவட்டத்தின் பெருநிலப் பகுதியில், மாந்தை மேற்குப் பிரிவிலுள்ள கமக்காரர் ஊர். கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் ஊர். 2007, 2008ஆம் ஆண்டுகளில் போர் நெருங்கியபோது மக்கள் உடுத்த உடையுடன் வெளியேறி, 2009க்குப் பின்னரே திரும்பி வந்து, கூரையற்ற வீடுகளையும் பற்றை மண்டிய வயல்களையும் மீண்டும் சீர்செய்து வாழத் தொடங்கினர். அத்தகைய ஊரிலுள்ள கல்வி நிலையம் ஒன்றில் மாலை வேளைகளில் கற்பித்து வருகிறோம். 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் காரணமாக நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்ட வேளையில், கையில் தொலைபேசி இருந்தும் ‘டேற்றா’ வாங்கப் பணமில்லாத பிள்ளைகளுக்காக இந்நிலையத்தில் இணைய வசதி ஏற்படுத்தப்பட்டது. நோய் அடங்கிற்று, தேவை அடங்கவில்லை. பரீட்சைப் பெறுபேறு பார்ப்பதற்கும், பழைய வினாத்தாள் எடுப்பதற்கும், விண்ணப்பம் அனுப்புவதற்கும் இன்றும் பிள்ளைகள் இங்கேதான் வருகிறார்கள்.

வைபை அலையைப் பரப்பும் பெட்டிகள் ஐந்து அங்கே உள்ளன. இரண்டு பெட்டிகள் அலுவலகக் கட்டடத்தில் கம்பியால் இணைக்கப்பட்டவை. மற்றை மூன்றும் முற்றத்துக்கு அப்பாலுள்ள வகுப்பறைகளிலும் மண்டபத்துக் கூரையின் கீழும் இருப்பவை. கம்பி இழுக்கப் பணமில்லாததால் அவை முதலிரண்டு பெட்டிகளின் அலையை வாங்கியே மேலும் பரப்புகின்றன. ஐந்துக்கும் பெயர், கடவுச்சொல், அலைவரிசை ஆகியவற்றை வகுத்துக் கொடுக்கும் கட்டுப்பாட்டு மென்பொருள் அலுவலகத்து மூலையிலுள்ள ஒரு கணினியில் இயங்குகிறது. துருசடியில் நின்று எந்த வாய்க்காலுக்கு எப்போது நீர் விடுவது என்று பார்க்கும் விதானையாரின் வேலை அதனுடையது. அந்தக் கணினிக்குப் பொறுப்பாளராக நாம் இருந்தோம்.

இத்தகைய மென்பொருளை ஆக்கும் கொம்பனிகள், புதிய பதிப்பொன்றை எல்லோருக்கும் வழங்குமுன், விரும்பியவர்களுக்கு மாத்திரம் முன்கூட்டிக் கொடுப்பதுண்டு. அதை இயக்கிப் பார்த்துக் குறைகளை எழுதியனுப்ப வேண்டும். முக்கியமான வேலை நடக்கும் இடத்தில் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்ற எச்சரிக்கையும் கூடவே வரும். நாமும் அவ்வாறு விரும்பிப் பெயர் கொடுத்தவர்களே. புதியதை முதலில் தொட்டுப் பார்க்கும் ஆசை எமக்கு இருந்தது என்பதை மறைப்பானேன்? வெளிநாட்டு எஞ்சினியர்களுடன் சரிசமமாக நின்று ஒரு குறையைச் சுட்டிக்காட்டுவதில் உள்ள பெருமையும் இருந்தது.

ஒருநாள் வந்த முன்பதிப்பின் அறிவிப்பில், வலையமைப்பின் பெயரை இனி எந்த மொழியிலும் எழுதலாம் என்றிருந்தது. அதுவரை ஆங்கில எழுத்தில் மட்டுமே பெயர் வைக்க முடிந்தது. பிள்ளைகளின் தொலைபேசித் திரையில் ‘அடம்பன் கல்வி’ என்று தமிழில் தோன்றினால் எப்படியிருக்கும்! எச்சரிக்கையை வாசித்தோம், வாசித்துவிட்டு, ஒரு மாலைப் பொழுதில் அந்த முன்பதிப்பை நிலையத்தின் ஒரேயொரு கட்டுப்பாட்டுக் கணினியில் ஏற்றினோம். தமிழ்ப் பெயரைத் தட்டினோம். மென்பொருள் ஏற்றுக்கொண்டது. ஐந்து பெட்டிகளுக்கும் கட்டளை சென்றது. அடுத்த நிமிடத்தில் ஐந்து பெட்டிகளும் ஊமையாகின.

காரணம் பிற்பாடே விளங்கிற்று. வைபை வலையமைப்பின் பெயருக்கு 32 பைற்று இடம் மாத்திரமே உண்டு என்பது உலகப் பொது நியமம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைற்று போதும். தமிழுக்கோ, இன்று பெரும்பாலும் வழங்கும் யுனிகோட் சேமிப்பு முறையில், குறியொன்றுக்கு மூன்று பைற்று வேண்டும். அதிலும் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் விசிறியும் தனித்தனிக் குறிகளாகக் கொள்ளப்படும். ‘அடம்பன்’ என்ற ஐந்தெழுத்துச் சொல் ஏழு குறிகளாகி 21 பைற்றைப் பிடித்துக்கொள்கிறது. இடைவெளிக்கு ஒன்று. ‘கல்வி’க்குப் பதினைந்து. ஆக 37. கட்டுப்பாட்டு மென்பொருள் குறிகளை எண்ணி, பதின்மூன்றுதானே என்று அனுமதித்தது. பெட்டிகளோ பைற்றுகளை எண்ணி, முடியாது என்று அலை பரப்புவதையே நிறுத்திவிட்டன. பெயரை மாற்றியதும் கம்பியிலிருந்த இரண்டு பெட்டிகளும் மீண்டன. அலையை நம்பியிருந்த மற்றை மூன்றுக்கும் அந்தத் திருத்தத்தைக் கொண்டுசெல்ல வழியில்லை. அவற்றின் வழியே அறுந்துபோயிருந்தது. பழைய பதிப்புக்குத் திரும்ப முயன்றோம். புதிய பதிப்பு மாற்றியமைத்துவிட்ட தரவுத்தளத்தைப் பழையது திறக்க மறுத்தது. நாம் எடுத்து வைத்திருந்த காப்புப் பிரதியோ மூன்று மாதம் பழையது. ஏணி தேடி, மண்டபக் கூரையில் ஏறி, பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி இறக்கிச் சீர்செய்து முடிக்க மறுநாட் பிற்பகலாயிற்று.

இதற்கிடையில் காலையில் ஒரு மாணவி வந்திருந்தாள். உயர்தரத்தில் தேறியவள். பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பத்தை அனுப்புவதற்கு அன்றே இறுதி நாள். மேலும் இருவர் அவளுடன் வந்திருந்தனர். கழற்றிய பெட்டிகள் மேசைமேல் கிடப்பதைக் கண்டு, தகப்பனாருடன் பேருந்தேறி மன்னார் நகருக்குச் சென்று, கடையொன்றில் பணம் கொடுத்து விண்ணப்பத்தை அனுப்பினாள். தகப்பனார் நாட்கூலி, அன்றைய கூலி போயிற்று. விண்ணப்பம் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தது என்பது எமது நற்பேறு. மறுநாள் அவள் எம்மிடம் கோபமின்றிக் கேட்டாள்:

“சேர், புதுசு போட்டுப் பாக்கப்போறம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நாங்கள் முதல் நாளே வந்து அனுப்பியிருப்பமே?”

எமக்கு விடை சொல்லத் தெரியவில்லை. கொம்பனி எம்மை எச்சரித்திருந்தது, நாம் சம்மதித்திருந்தோம். அந்தச் சம்மதத்தின் விளைவை அனுபவித்தவர்களை யாரும் கேட்கவில்லை. நாம் தேரின் வெள்ளோட்டம் என்று எண்ணியிருந்தோம். தேருக்குள் ஆட்கள் இருந்தார்கள்.

மென்பொருட் தொழிலில் ஒரு வழக்குச் சொல் உண்டு. புதிய பதிப்பை முதலில் சிலருக்கு மாத்திரம் கொடுத்துப் பார்ப்பதைக் ‘கனேரி’ முறை என்கிறார்கள். கனேரி என்பது ஒரு சிறு குருவி. நிலக்கரிச் சுரங்கத்தின் நச்சுவாயு மனிதனை வீழ்த்துமுன் அக்குருவியை வீழ்த்திவிடும். ஆகவே கூட்டில் வைத்து அதைக் கீழே கொண்டுசென்றார்கள். 1890களில் இந்த உபாயத்தை எடுத்துரைத்தவர் ஜோன் ஸ்கொற் ஹோல்டேன் என்ற விஞ்ஞானி. 1986ஆம் ஆண்டில் மின்னணுக் கருவிகளுக்கு இடம் விடும்வரை பிரித்தானியச் சுரங்கங்களில் இவ்வழக்கம் நீடித்தது. அக்குருவிக் கூடுகளில் சிலவற்றில் ஒட்சிசன் குடுவை பொருத்தப்பட்டிருந்தது. குருவி மயங்கியதும் கூட்டை மூடி, குடுவையைத் திறந்து அதைப் பிழைக்க வைப்பார்கள். தன் உயிருக்கே உத்தரவாதம் இல்லாத சுரங்கத் தொழிலாளி தனக்காக மயங்கும் குருவிக்கு மூச்சைத் தேடி வைத்திருந்தான். எமது நிலையத்துப் பிள்ளைகளுக்கு நாம் எந்தக் குடுவையை வைத்திருந்தோம்? மூன்று மாதப் பழைய காப்புப் பிரதியையா?

இது சிறிய ஊரின் சிறிய தவறுதானே என்று ஒதுக்கிவிட முடியாது. 2024 யூலை 19ஆம் திகதி, கிரவுட்ஸ்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருட் கொம்பனி ஒரு சிறு கோப்பை உலகெங்கும் ஒரே வேளையில் அனுப்பியது. 21 பெறுமானங்கள் வேண்டிய இடத்தில் மென்பொருள் 20 பெறுமானங்களையே கொடுத்தது என்பதே பிழை. ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நிலைகுலைந்தன. விமானங்கள் நின்றன, வைத்தியசாலைகளில் சிகிச்சைகள் பிற்போடப்பட்டன. புதிய பதிப்பு வேண்டாம், ஒருபடி பழையதே போதும் என்று தெரிவுசெய்திருந்த வாடிக்கையாளரும் தப்பவில்லை. அவ்வகைக் கோப்புக்கு அந்தத் தெரிவு செல்லுபடியாகவில்லை. இனிப் படிப்படியாக அனுப்புவோம் என்று கொம்பனி பின்னர் அறிவித்தது. எல்லாரையும் முதற் பரிசோதனைப் பொருளாக்கிய பின்னர் வந்த அறிவு அது.

2020ஆம் ஆண்டின் செய்தி இதனினும் கசப்பானது. சோலர்விண்ட்ஸ் கொம்பனியின் ‘ஓரியன்’ என்ற வலையமைப்பு மேலாண்மை மென்பொருளுக்குள் ஊடுருவியவர்கள், அதன் முறையான புதுப்பிப்புக்குள்ளேயே தம் கள்ளக் குறிமுறையைப் பொதிந்து விட்டனர். சுமார் 18,000 வாடிக்கையாளரை அது சென்றடைந்திருக்கலாம் என்று கொம்பனி கூறியது. இதற்கு முந்திய ஆண்டிலேயே அவர்கள் தீங்கற்ற குறிமுறையொன்றைச் செருகி, அது அகப்படாமல் போய்ச் சேர்கிறதா என்று பார்த்திருந்தார்கள். கள்வன்கூட வெள்ளோட்டம் விட்டுப் பார்த்த பின்னரே களத்தில் இறங்கினான். அவன் காட்டிய பொறுமையை நல்ல நோக்கம் கொண்ட நாம் காட்டவில்லை.

அப்படியானால் புதியது எதையும் தொடாதிருப்பதுதான் விவேகமா? அவ்வாறு சொல்லும் நண்பர்களும் உண்டு. “மற்றவர்கள் பரீட்சிக்கட்டும், நாம் ஆறுதலாக எடுத்துக்கொள்வோம்” என்பது அவர்கள் வாதம். 2021 டிசம்பரில் ‘லொக்ஃபோர்ஜே’ என்ற ஜாவா நிரற்றொகுதியில் பெரும் ஓட்டை ஒன்று வெளிப்பட்டபோது, உலகின் எண்ணற்ற மென்பொருள்கள், வலையமைப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்கள் உட்பட, அவசர அவசரமாகப் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தன. பழையதைக் கட்டிப்பிடித்திருந்தவர்களின் கதவு திறந்தபடியே கிடந்தது. தவிரவும், ‘மற்றவர்கள்’ என்று நாம் சொல்வது யாரை? செல்வ நாடுகளின் பரிசோதனைக் கூடங்களில் இருப்பவர்களுக்குத் தமிழெழுத்து எத்தனை பைற்று என்ற கேள்வியே எழுவதில்லை. ஒரு பகலில் நாலு தடவை மின்சாரம் போய் வந்தால் பெட்டிகள் எந்த ஒழுங்கில் விழித்தெழும் என்று அவர்கள் பார்ப்பதில்லை. எமது நிலைமைகளை நாமே பரீட்சித்துச் சொல்லாவிட்டால், எமக்குப் பொருந்தாத மென்பொருளே என்றும் எமக்கு வந்துகொண்டிருக்கும். ஆகவே பரிசோதனை வேண்டும். யாருடைய நேரத்தையும் யாருடைய விண்ணப்பத்தையும் பணயம் வைத்து அதை நடத்துகிறோம் என்பதே கேள்வி.

இன்று ஆசிரியர் அறையின் ஒரு மூலையில் கைவிடப்பட்ட பழைய கணினியொன்றும் இரண்டு பழைய பெட்டிகளும் இருக்கின்றன. ஒன்று கம்பியில், மற்றையது அலையில். முன்பதிப்பு எதுவும் முதலில் அங்கேதான் ஏறும். அந்த வலையமைப்பை நம்பி எந்த வேலையும் நடப்பதில்லை. உயர்தர மாணவர் சிலர் அதற்குப் பொறுப்பாக இருக்கிறார்கள். மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுக்கிறார்கள். நீண்ட தமிழ்ப் பெயர்களை வைக்கிறார்கள். பழைய பதிப்புக்குத் திரும்ப முடிகிறதா என்று காப்புப் பிரதியைக் கொண்டு மீட்டுப் பார்க்கிறார்கள். என்ன செய்தோம், என்ன நடக்க வேண்டும் என்று எண்ணினோம், என்ன நடந்தது என்ற மூன்று தலைப்புகளில் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். இரண்டு வாரம் குறையின்றி ஓடினால் மாத்திரம், பொதுப் பதிப்பு வந்த பின்னர், அது பிள்ளைகளின் வலையமைப்புக்குச் செல்லும். அதற்கும் ஒரு வாரத்துக்கு முன்னர் வாசற் பலகையில் அறிவித்தல் எழுதப்படும். பரீட்சைக் காலத்திலும் விண்ணப்ப இறுதி நாளை ஒட்டிய வாரத்திலும் எதையும் மாற்றுவதில்லை என்பது எமது சட்டம். அந்தச் சட்டத்தை எழுதியவள் பல்கலைக்கழகம் செல்லுமுன் எம்முடன் இரண்டு மாதம் இருந்த அந்த மாணவிதான்.

தமிழ்ப் பெயர் பற்றிய குறையை விரிவாக எழுதியனுப்பினோம். ஒரு வரி நன்றி வந்தது. அடுத்த முன்பதிப்பு நீண்ட பெயரை ஏற்க மறுத்து, காரணத்தையும் சொன்னது. மகிழ்ந்தோம். ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பரீட்சிப்பது உழைப்பு. கூலியின்றிச் செய்யப்படும் அவ்வுழைப்பு கொம்பனியின் சரக்கிற் சேர்ந்து விலையாகிறது. அந்த உழைப்பின் பயன் எமது பிள்ளைகளுக்கும் அயலூர்ப் பாடசாலைகளுக்கும் சேர வேண்டுமானால், எமது குறிப்பேடு கொம்பனிக்கு மட்டுமன்றி எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். 2004ஆம் ஆண்டின் கடற்கோளுக்குப் பின்னர் இந்நாட்டுத் தொண்டர்கள் ஆக்கிய ‘சஹானா’ என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருள் திறந்த நிலையில் இருந்தபடியாலேதான் 2005இல் பாகிஸ்தானிலும் 2010இல் ஹெயிற்றியிலும் பூகம்பத்தில் சிக்கிய மக்களுக்கும் உதவ முடிந்தது. ஒவ்வொரு கல்வி வலயத்திலும் ஒரு பரிசோதனை மேசை அமைத்து, அதன் முடிவுகளை எல்லாப் பாடசாலைகளுக்கும் அறிவிப்பது அரசாங்கத்தால் இயலாத காரியமா? ஒரு பழைய கணினியும் பொறுப்புள்ள ஆசிரியரும் கேள்வி கேட்கத் தெரிந்த மாணவர் நால்வரும் போதும்.

கட்டுக்கரைக்குளத்தில் நீர் திறக்குமுன் ஒவ்வொரு போகத்துக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடைபெறுகிறது. எத்திகதியில் முதல் நீர், எத்திகதியில் இறுதி நீர் என்பது கமக்காரர் முன்னிலையில் தீர்மானிக்கப்படுகிறது. வாய்க்காலின் கடைசி வயலுக்குரியவனும் அங்கே எழுந்து நின்று கேட்கலாம். துருசின் திறப்பு அதிகாரியின் கையில் இருந்தாலும், நாளைக்கு நீர் வரும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நியாயத்தை இவ்வூர் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. அந்த நியாயத்தை நாம் கணினி அறைக்குள் கொண்டுவர மறந்திருந்தோம். கதவில் இப்போது ஒட்டியிருக்கும் தாளில் அடுத்த மாற்றத்தின் திகதி எழுதப்பட்டிருக்கிறது. அதன் கீழே, “இந்நாள் உங்களுக்கு இடைஞ்சலாயின் தெரிவியுங்கள்” என்று ஒரு வரி. சென்ற முறை இருவர் தெரிவித்தார்கள். திகதியை மாற்றினோம்.