அப்பாவின் 3.6 மீட்டர்

ஒரு நாள் காலை நிகழ்ச்சியில், “சைன், கோஸ், டேன் எல்லாம் படிச்சோமே, அதை வச்சு யாராவது ஒரு முட்டையாவது வாங்கியிருக்கீங்களா?” என்று கேட்டேன். நேயர்கள் சிரிப்போடு குரல் பதிவுகளை அனுப்பினார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கடந்த ஆண்டு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. சக்கர நாற்காலியோடுதான் வீடு திரும்பினார். எங்கள் தாமான் வீட்டு வாசலில் இரண்டு படிகள். மொத்த உயரமே 30 சென்டிமீட்டர்தான். ஆனால், தினமும் முச்சந்தி ஒட்டுக்கடைக்கு நடந்துபோய்ப் பசியாறிய மனிதருக்கு அந்த இரண்டு படிகளும் மதிலாகிவிட்டன.

ஒன்றரை மீட்டர் பலகை ஒன்றை வாங்கிப் படியில் சாய்த்தேன். இறக்கும்போதே நாற்காலி கையை இழுத்தது. திரும்ப ஏற்றும்போது பாதியில் பின்னால் உருண்டது. நல்லவேளை, அப்பா விழவில்லை. ஆனால், “வேணாம்மா, நான் உள்ளேயே இருந்துக்கிறேன்” என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

வார இறுதியில் அக்கா மகள் வந்தாள். படிவம் மூன்று படிக்கிறாள். என் கதையைக் கேட்டுவிட்டு, கைப்பேசியைப் பலகைமேல் வைத்துச் சரிவை அளந்தாள். 11.5 பாகை.

“இவ்வளவு செங்குத்தா வச்சா எப்படி சித்தி?”

சக்கர நாற்காலிச் சரிவுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 1:12. ஒரு பங்கு உயர்வதற்குப் பன்னிரண்டு பங்கு தூரம் வேண்டும். கோணம் ஏறக்குறைய 4.8 பாகை. அவள் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஒரு செங்கோண முக்கோணம் வரைந்தாள். படியின் உயரம் கோணத்துக்கு எதிர்ப்பக்கம். சாய்ந்திருக்கும் பலகைதான் கர்ணம். எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் சைன். உயரம் தெரியும், கோணம் தெரியும், கர்ணம்தான் தெரியாது. ஆகவே 30-ஐ, சைன் 4.8 பாகையின் மதிப்பான 0.0837-ஆல் வகுத்தாள். 358 சென்டிமீட்டர் வந்தது.

“3.6 மீட்டர்னு வச்சுக்குங்க சித்தி.”

அதே சைன் என் கைவலிக்கும் காரணம் சொன்னது. அப்பாவும் நாற்காலியும் சேர்ந்து 75 கிலோ. சைன் 11.5 பாகை கிட்டத்தட்ட 0.2. அதாவது, 15 கிலோ மூட்டையைத் தூக்கும் பலம் கொடுத்துத்தான் நான் தள்ளியிருக்கிறேன். புதிய சரிவில் அது 6 கிலோ சொச்சம்தான். என் பலம் குறையவில்லை. பலகையின் நீளம்தான் போதவில்லை.

தச்சர் ஒருவர் இருபுறமும் விளிம்பு வைத்துச் சரிவுப் பாதை செய்து கொடுத்தார். கார் இப்போது கேட்டுக்கு வெளியே நிற்கிறது. உங்கள் வீட்டு வாசலிலும் படி இருந்தால், பலகை வாங்கும் முன் அதன் உயரத்தை அளந்து பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவை ஒட்டுக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். தே தாரிக்கும் இரண்டு அரைவேக்காட்டு முட்டையும் கேட்டார். நேயர்களிடம் நான் கேட்ட கேள்விக்குப் பதில் மேசைக்கு வந்தது.